சுட்டும் படவில்லையா? கோளாறு கண்ணில் இல்லை, தூரத்தில்!

கோத்தா கோலா மூடா: மூடா ஆறு கடலில் கலக்கும் இந்த மீனவ வட்டாரத்திற்குப் போர் விமானங்களின் இரைச்சல் புதியதல்ல. தெற்கே பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருக்கிறது. வடக்கே ஈயான் கடற்பகுதியில் சோங் சோங் தீவு இருக்கிறது. 1958ஆம் ஆண்டு முதல் பட்டர்வொர்த்தில் நிலைகொண்ட ஆஸ்திரேலியாவின் சேபர் விமானங்களும், அவற்றுக்குப் பின் வந்த மிராஜ் விமானங்களும் சுட்டுப் பழகிய தீவு அது. கிழக்கே உள்ள சுங்கை பட்டாணியில், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரச விமானப்படையின் தளம் ஒன்று இயங்கியது.

இன்று இதே வானத்தின் கீழ், தாமான் வீடுகளிலும் தோட்டத்து வீடுகளிலும் கணினித் திரையில் விமானம் ஓட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். 'ஐஎல்-2', 'டிசிஎஸ்', 'வார் தண்டர்' ஆகியவை இவர்களுக்குப் பழக்கமான பெயர்கள். மேலெழுவது, வளைவது, தரையிறங்குவது எல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். ஆனால் எதிரி விமானத்தைத் துரத்திப் பிடித்து விசையை அழுத்தினால், தோட்டாக்கள் முழுவதும் தீர்ந்தாலும் எதிரி சிராய்ப்பு கூட இல்லாமல் பறந்து போகிறான். இதுதான் பெரும்பாலோர் சந்திக்கும் சிக்கல்.

அப்போது மனம் இரண்டு முடிவுகளுக்குத் தாவும். ஒன்று, "எனக்குக் கண் சரியில்லை, இது எனக்கு வராது." மற்றொன்று, "விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக் வாங்கினால் சரியாகிவிடும்." இரண்டுமே பெரும்பாலும் தவறு. வானில் குறி தவறுவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைக் கணக்குப் போட்டுக் காட்டலாம், பழகித் திருத்திக்கொள்ளவும் முடியும். அதற்கான பாடம் சுங்கை பட்டாணியின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

ஒரே விமானம், இரண்டு முடிவுகள்

1941 டிசம்பர் 8ஆம் தேதி காலையில் ஜப்பானிய விமானங்கள் சுங்கை பட்டாணித் தளத்தின் மீது குண்டு வீசின. அங்கிருந்தவை ஆஸ்திரேலியாவின் 21ஆம் படைப்பிரிவின் 'புரூஸ்டர் பஃபலோ' சண்டை விமானங்களும், பிரிட்டனின் 27ஆம் படைப்பிரிவின் 'பிளென்ஹைம்' விமானங்களும். பல விமானங்கள் தரையிலேயே சேதமடைந்தன. எஞ்சியவை அன்றே பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கின. மலாயாவில் பஃபலோ என்றாலே தோல்வி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அதே 1941ஆம் ஆண்டில், அதே புரூஸ்டர் நிறுவனத்தின் விமானத்தைப் பின்லாந்து நாட்டினரும் ஓட்டினார்கள். அவர்கள் வாங்கியவை 44 மட்டுமே. அவற்றைக் கொண்டு 450க்கும் மேற்பட்ட சோவியத் விமானங்களை வீழ்த்தியதாகப் பின்லாந்தின் 24ஆம் படைப்பிரிவு பதிவு செய்துள்ளது. பின்லாந்தின் தலைசிறந்த போர் விமானி இல்மாரி யூட்டிலைனன் வீழ்த்திய 94 விமானங்களில் 34, புரூஸ்டரில் இருந்துகொண்டு சுட்டவை.

இந்த ஒப்பீட்டில் நேர்மை வேண்டும். மலாயாவுக்கு வந்த பஃபலோ, பின்லாந்தின் புரூஸ்டரைவிட எடை கூடியது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் எஞ்சினும் துப்பாக்கிகளும் அடிக்கடி மக்கர் செய்தன. எதிரி வருவதை முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடும் போதுமானதாக இல்லை. எதிரில் வந்த ஜப்பானிய விமானிகளோ சீனப் போரில் பல ஆண்டு அனுபவம் பெற்றவர்கள். இருந்தாலும் பின்லாந்துக்காரர்களிடம் ஒன்று கூடுதலாக இருந்தது. அது சுடும் பயிற்சி. விமானங்கள் குறைவு, தோட்டாக்களும் குறைவு என்பதால், மிக அருகில் போன பிறகே சுட வேண்டும் என்பதை அவர்கள் விதியாகவே வைத்திருந்தார்கள்.

மீனவரின் வீச்சு வலை

மடவை மீன் கூட்டம் ஓடும்போது, கைதேர்ந்த மீனவர் மீன் இருக்கும் இடத்தில் வலையை வீசுவதில்லை. வலை விரிந்து நீரில் விழுவதற்குள் கூட்டம் எங்கே போய்ச் சேருமோ, அங்கே வீசுகிறார். திடலில் பந்து கடத்தும் ஆட்டக்காரரும் இதைத்தான் செய்கிறார். ஓடும் நண்பனின் காலுக்கு நேராக உதைத்தால் பந்து அவன் முதுகுக்குப் பின்னால்தான் போகும்.

வானில் சுடுவதும் இதேதான். எதிரி இருக்கும் இடத்தில் அல்ல, எதிரி வந்து சேரப்போகும் இடத்தில் குறி வைக்க வேண்டும். விளையாடுவோர் இதை 'லீட்' என்பார்கள். தமிழில் 'முன்குறி' எனலாம்.

எவ்வளவு முன்னால் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. எதிரி விமானம் மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் நம் முன்னே குறுக்காகக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 100 மீட்டர். அக்கால இயந்திரத் துப்பாக்கியின் தோட்டா விநாடிக்குச் சுமார் 800 மீட்டர் செல்லும் என்று கொள்வோம்.

300 மீட்டர் தூரத்தில் இருந்து சுட்டால், தோட்டா போய்ச்சேர ஏறக்குறைய 0.4 விநாடி ஆகும். அதற்குள் எதிரி 40 மீட்டர் நகர்ந்திருப்பான். ஒற்றை எஞ்சின் சண்டை விமானத்தின் நீளம் சுமார் 9 மீட்டர்தான். ஆக, நான்கு விமான நீளத்திற்கும் மேல் முன்னால், வெற்று வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும்.

100 மீட்டரில் இருந்து சுட்டால் தோட்டாவுக்கு 0.13 விநாடி போதும். எதிரி 13 மீட்டர் மட்டுமே நகர்ந்திருப்பான். ஒன்றரை விமான நீளம் முன்னால் வைத்தால் சரி.

இதைவிட முக்கியமான ஒன்று இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. எதிரியின் வேகத்தை நாம் பத்தில் ஒரு பங்கு தவறாக மதிப்பிட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டரில் அந்தப் பிழை 4 மீட்டர். எஞ்சினுக்கு வைத்த குறி வாலுக்குப் போய்விடும், அல்லது முழுவதும் தவறிவிடும். 100 மீட்டரில் அதே பிழை ஒன்றேகால் மீட்டர்தான். அப்போதும் விமானத்தில் படும். நம் மதிப்பீடு மேம்படவே இல்லை. தூரம் குறைந்ததால் பிழை சிறிதாகிவிட்டது. அருகில் போவது துணிச்சலுக்காக மட்டும் அல்ல, கணக்குக்காகவும்தான்.

குறுக்குக் கோணம் எவ்வளவு?

மேலே சொன்ன முன்குறி, எதிரி நேர் குறுக்காக, அதாவது 90 பாகையில் கடக்கும்போது தேவைப்படுவது. கோணம் குறையக் குறைய முன்குறியும் குறையும். 45 பாகையில் பத்தில் ஏழு பங்கு போதும். 30 பாகையில் சரியாகப் பாதி. 10 பாகையில் ஆறில் ஒரு பங்கு. நேர் பின்னால் இருந்து சுட்டால் முன்குறியே வேண்டாம்.

பலர் ஏமாறுவது 30 பாகையில்தான். எதிரியின் வால் பக்கம் இருப்பதால் 'நேர் பின்னால் இருக்கிறோம்' என்ற நினைப்பு வந்துவிடும். ஆனால் 300 மீட்டரில் அந்தக் கோணத்திற்கு 20 மீட்டர் முன்குறி வேண்டும். விமானத்தின் மேலேயே குறி வைத்தால் ஒரு தோட்டாவும் படாது.

எதிரி வளைந்து திரும்பும்போது இன்னொரு முறை உதவும். முதலில் நம் இறக்கைகளை எதிரியின் இறக்கைகளுக்கு இணையாகச் சாய்க்க வேண்டும். அவன் எந்தத் தளத்தில் வளைகிறானோ, அதே தளத்தில் நாமும் வளைய வேண்டும். அப்போது குறி வலம் இடம் அலையாது. ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து, மூக்கை அவனுக்கு முன்னால் கொண்டுபோவது ஒன்றே மிஞ்சும். சில சமயம் எதிரி நம் விமான மூக்குக்குக் கீழே மறைந்து போவான். பதற வேண்டாம். முன்குறி போதுமான அளவுக்கு வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமாகவும் இருக்கலாம்.

தூரத்தை அளப்பது எப்படி?

'அருகில்' என்பது ஆளுக்கு ஆள் மாறும். 150 மீட்டர் என்று நினைத்துச் சுடுபவர் உண்மையில் 400 மீட்டரில் இருப்பது சாதாரணம். இதற்குக் குறிக்கண்ணாடியில் தெரியும் வளையமே அளவுகோல்.

பெரும்பாலான ஒற்றை எஞ்சின் சண்டை விமானங்களின் இறக்கை விரிவு 10 முதல் 12 மீட்டர். வளையத்தின் விட்டம் '100 மில்' என்றால், 10 மீட்டர் இறக்கை 100 மீட்டர் தூரத்தில் வளையத்தை முழுதாக நிரப்பும். 200 மீட்டரில் பாதியை நிரப்பும். 300 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நிரப்பும். குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை இதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். அது வளையத்தை நிரப்பினாலும் இன்னும் 200 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று பொருள். வளையத்தின் அளவு விமானத்திற்கு விமானம் மாறும். ஓட்டும் விமானத்தின் கையேட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் உலகப் போரில் மால்டா தீவின் வானில் 27 விமானங்களை வீழ்த்திய கனடா விமானி ஜார்ஜ் பர்லிங் இந்த மதிப்பீட்டைத் தரையிலும் பழகினார். ஒரு பல்லி, 250 கெஜத்திற்கு அப்பால் தெரியும் விமானத்தின் அளவுக்குக் கண்ணில் படும் வரை காத்திருந்து, கைத்துப்பாக்கியால் சுடுவாராம். சுட்ட ஒவ்வொரு சண்டையின் கோணத்தையும் தூரத்தையும் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். அவருக்குக் கூர்மையான கண் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கண்ணையும் அவர் கணக்கு போட்டே பழக்கினார்.

துப்பாக்கிகள் சந்திக்கும் இடம்

இறக்கைகளில் துப்பாக்கி உள்ள விமானங்களில், தோட்டாக்கள் நேர்கோட்டில் போவதில்லை. இரு பக்கத் துப்பாக்கிகளும் சற்றே உள்நோக்கித் திருப்பப்பட்டு, முன்னால் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தத் தூரத்தை விளையாட்டின் அமைப்பில் மாற்றலாம்.

துப்பாக்கி நடுவில் இருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது, சந்திப்புத் தூரம் 200 மீட்டர் என்று கொள்வோம். 100 மீட்டரில் தோட்டாக்கள் நடுவில் இருந்து 1 மீட்டர் விலகிப் போகும். 200 மீட்டரில் ஒன்றுசேரும். 400 மீட்டரில் பக்கம் மாறி, 2 மீட்டர் விலகிவிடும். 600 மீட்டரில் 4 மீட்டர். எதிரியின் உடற்பகுதி நடுவில் பத்திரமாக இருக்க, தோட்டாக்கள் இரு பக்கமும் கடந்து போகும்.

1940ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த அடோல்ஃப் மலான் இந்தத் தூரத்தை 400 கெஜத்தில் இருந்து 250 கெஜமாகக் குறைத்தார். மீட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 365இல் இருந்து 230. மற்ற விமானிகள் பலரும் அதைப் பின்பற்றினார்கள். சிமுலேட்டரில் புதிதாகப் பழகுபவர் 150 முதல் 200 மீட்டருக்குள் வைப்பது நல்லது. துப்பாக்கி மூக்கிலேயே இருக்கும் விமானங்களில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் முதல் பயிற்சிக்கு அவற்றைத் தேர்ந்தெடுப்பது எளிது.

ரசமட்டத்தைக் கவனியுங்கள்

எல்லாம் சரியாக இருந்தும் தோட்டாக்கள் ஒரே பக்கமாகவே விலகிப் போனால், கோளாறு பெடலில் இருக்கிறது. விமானத்தின் முன்பலகையில், கொத்தனாரின் ரசமட்டம் போல வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் சிறு உருண்டை ஒன்று உருளும். உருண்டை நடுவில் இல்லை என்றால் விமானம் சறுக்குகிறது என்று பொருள். மூக்கு ஒரு திசையைப் பார்க்க, விமானம் வேறு திசையில் போகிறது.

தோட்டா, விமானத்தின் ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டே புறப்படும். விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் 5 பாகை மட்டும் சறுக்கினாலே, 300 மீட்டரில் தோட்டா 3 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகிவிடும். உருண்டை இடப்பக்கம் போனால் இடப்பெடலை அழுத்த வேண்டும், வலப்பக்கம் போனால் வலப்பெடலை. வேகம் மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

புவியீர்ப்பும் தன் பங்குக்குத் தோட்டாவைக் கீழே இழுக்கும். 0.4 விநாடியில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். 0.13 விநாடியில் வெறும் 8 சென்டிமீட்டர். இங்கும் அருகில் போனவருக்கே ஆதாயம். இப்படித் தோட்டாவும் குண்டும் பறப்பதை ஆராய்வது ஒரு தனி அறிவியல். 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர், நட்சத்திரங்களை ஆராய்ந்தவராகவே அறியப்படுகிறார். அவரும் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத் தளத்தில் இத்துறை ஆய்வில் பணியாற்றினார்.

தோட்டா எண்ணிக்கையில் சிக்கனம்

தொடக்கக் கால ஸ்பிட்ஃபயர் விமானத்தில் 8 துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டாக்கள். கேட்பதற்கு நிறைய இருப்பது போலத் தோன்றும். விசையை விடாமல் அழுத்தினால் ஏறக்குறைய 15 விநாடியில் எல்லாம் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு முறைக்கு ஒன்று அல்லது இரண்டு விநாடிதான் அழுத்த வேண்டும். விட்டு, பார்த்து, திருத்தி, மறுபடி சுட வேண்டும்.

ஒளிரும் தோட்டாக்களைப் பார்த்துத் திருத்தலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஒளிக்கோடு கண்ணை ஏமாற்றும். எதிரியைத் தொட்டுப் போவது போலத் தெரியும் கோடு, பல சமயம் அவனுக்குப் பின்னால்தான் கடக்கிறது. கண் குறிக்கண்ணாடியை விட்டுக் கோட்டின் பின்னால் போய்விட்டால், கையும் அதன் பின்னால் போகும்.

ஜாய்ஸ்டிக்கிலும் ஒரு விஷயம் உண்டு. உண்மை விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டு நீளமானது. மேசை மேல் வைக்கும் ஜாய்ஸ்டிக்கோ ஒரு சாண் உயரம்தான். அதனால் கையின் சிறு அசைவும் திரையில் பெரிதாகிவிடும். விளையாட்டின் அமைப்பில் உணர்திறன் வளைவை மென்மையாக்கினால், நடுப்பகுதியில் மூக்கு துள்ளுவது குறையும். இதற்குக் காசு செலவில்லை. புதிய கருவி வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியது இதுதான்.

நான்கு வாரப் பயிற்சி

நாளுக்கு 20 நிமிடம் போதும். எஸ்பிஎம் எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்கு மேல் வேண்டவும் வேண்டாம். இணையம் வழி மற்றவர்களுடன் மோதுவதை இந்த நான்கு வாரமும் ஒதுக்கி வைக்கலாம். இணைப்புத் தாமதம் இருந்தால், தவறு நம்முடையதா இணைப்பினுடையதா என்று தெரியாமல் போகும்.

முதல் வாரம், நேராகப் பறக்கும் இலக்கைப் பின்னால் இருந்து நெருங்கிப் பழக வேண்டும். இறக்கை வளையத்தில் பாதிக்கு மேல் நிரம்பும் வரை சுடக்கூடாது. உருண்டை நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த வாரப் பாடம்.

இரண்டாம் வாரம், அதே இலக்கை 30 பாகைக் கோணத்தில் இருந்து சுடலாம். முன்குறி எவ்வளவு என்று சுடும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது உதவும்.

மூன்றாம் வாரம், மெதுவாக வளையும் இலக்கு. இறக்கைகளை இணையாக்கி, மூக்கை முன்னால் இழுத்து, ஒரு விநாடி மட்டும் சுட வேண்டும்.

நான்காம் வாரம், தோட்டா எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு சண்டைக்குப் போகலாம். 'வார் தண்டர்' ஆடுபவர்கள், முன்குறியைத் தானே காட்டும் ஆர்கேட் முறையை விட்டு வெளியே வந்தால்தான் இந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

ஒவ்வொரு நாளும் கடைசி ஐந்து நிமிடத்தை, பதிவான சண்டையைத் திரும்பப் பார்க்க ஒதுக்க வேண்டும். விசையை அழுத்திய நொடியில் நிறுத்தி, தூரம் எத்தனை, கோணம் எத்தனை, தோட்டா முன்னால் போனதா பின்னால் போனதா என்று ஒரு பழைய நோட்டில் எழுதி வைக்கலாம். ஒரு வாரத்தில் நோட்டே உண்மையைச் சொல்லிவிடும். பெரும்பாலோருக்கு அது சொல்வது ஒன்றுதான்: நினைத்ததைவிடத் தூரத்தில் இருந்து சுட்டிருக்கிறீர்கள், எதிரியின் பின்னால் சுட்டிருக்கிறீர்கள்.

கணினியில் குறி தவறினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். 1941 டிசம்பரில் சுங்கை பட்டாணியில் இருந்து மேலெழுந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களில் பலர், இன்று திரையின் முன் அமரும் பிள்ளைகளைவிடச் சில வயதே மூத்தவர்கள். குறி தவறுவதற்கான காரணத்தைத் தேடிக் கற்றுக்கொள்ள அவர்களுக்குக் கிடைக்காத நேரம், இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.